கையேடு எழுதுமுன் தறியடியில் கேட்க வேண்டியவை

இயந்திரம் செய்யக் கற்றுக்கொள்கிறோம். அதற்குக் கையேடு எழுதச் சொன்னால் மட்டும், "அதென்ன பெரிய வேலை, படத்தைப் பார்த்து எழுதிடலாம்" என்கிறோம். எழுதிடலாம்தான். படிக்கிறவருக்குப் பயன்படுமா என்பதே கேள்வி.

நம் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிக்கு ஓர் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் தருவது கொக்கி எண்ணிக்கை, வோல்டேஜ், எடை. அவையும் வேண்டும். ஆனால் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுவார். ஆக, கையேட்டைப் படிக்கிறவர் ஒருவரல்ல, இருவர்! இது எந்த வரைபடத்திலும் இருக்காது. தறியடிக்குப் போனால்தான் தெரியும்.

அங்கே போய் "உங்களுக்கு என்னென்ன தெரியணும்?" என்று கேட்டால் பதில் வராது. "வேலை எங்கே நிக்குது? நின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்கணும். பழைய ஜக்கார்டில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. எந்த அட்டையில் நின்றோம் என்பது கண்ணுக்கே தெரியும். எலக்ட்ரானிக் பெட்டியில் கரண்டு போய் வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தப்பாக நெய்த ஊடையைப் பிரித்தால், டிசைனைப் பின்னுக்கு நகர்த்துவது எப்படி? சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குத் தறி நின்ற நாள், கூலியில்லாத நாள். எனவே இந்த இரண்டும் முதல் பக்கத்தில் வர வேண்டும். கம்பெனி வரலாறு கடைசிக்குப் போகட்டும். (வராமலே போனாலும் நல்லதுதான்!)

பாவு, ஊடை, விழுது, பெட்னி என்று அவர்கள் சொல்லும் சொற்களையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 'வார்ப்' என்று அச்சடித்துவிட்டுப் பின்னால் அகராதி சேர்ப்பது வீண் வேலை.

இதே சேலைக்கு இன்னொரு வகை ஆவணமும் உண்டு. காஞ்சிபுரம் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கான விண்ணப்பத்தில் பொருளின் விவரம், தயாராகும் எல்லை, செய்முறை, தனித்தன்மை, மேற்பார்வை செய்யும் அமைப்பு என எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். இங்கே படிக்கிறவர் நெசவாளர் அல்லர்; சென்னையிலுள்ள பதிவகத்தார், நாளைக்குப் போலியைப் பிடிக்க வேண்டியவர். "நல்ல ஜரிகை" என்று எழுதினால் அவருக்கு உதவாது. வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை என்று சோதித்துப் பார்க்கும்படி இருக்கணும். அதைத் தறியடியில் மட்டும் கேட்டால் போதாது, ஜரிகை செய்கிறவரிடமும் போக வேண்டும்.

கையேட்டின் முதல் பிரதி தயாரானதும் அதே தறிக்காரரிடம் கொடுத்துப் பெட்டியை இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த வரியில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைக் குறித்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.