பழைய சால்வென்ட் மெஷின் வாங்கும்போது ஹெட்டைப் பார்க்கும் முறை

பழைய சால்வென்ட் பிரிண்டருக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் மை தெளிக்கும் அதன் ஹெட்டுக்குக் கொடுக்கும் விலைதான். சட்டம், மோட்டார், பெல்ட் எல்லாம் பல வருடம் உழைப்பவை. பழுதானாலும் செலவு கைக்குள் அடங்கும். ஹெட் அப்படியல்ல. எடுத்துக்காட்டாக, கோனிகா 512 ஹெட் ஒன்றில் 512 நாசில்கள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய துளை. மின்சாரம் பட்டதும் உள்ளிருக்கும் பீசோ சுவர் நெளிந்து மையைச் சொட்டாக வெளியே தள்ளுகிறது. சால்வென்ட் மையில் கரைப்பான் ஆவியானதும் பிசினும் நிறமியும் தங்கிவிடும். மை ஃப்ளெக்ஸில் ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஓடாமல் நிற்கும் மெஷினில் நாசில் அடைபடுவதும் இதனால்தான். ஆகவே மெஷின் எத்தனை வருடம் ஓடியது என்பதைவிட, எத்தனை நாள் ஓடாமல் நின்றது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இங்கே சொல்பவை தமிழ்நாட்டுச் சிறு நகரக் கடை ஒன்றின் அனுபவம். காதணி விழா, கோவில் கொடை, கண்ணீர் அஞ்சலி என்று வரும் வேலைகளை வெளியூரில் அடித்து பஸ்ஸில் வரவழைத்துக்கொண்டிருந்த கடை அது. அஞ்சலி பேனர் விடிவதற்குள் வேண்டும்; பஸ்ஸுக்குக் காத்திருந்தால் வேலை கைவிட்டுப் போகும். புது மெஷினுக்குத் தவணை கட்டும் அளவுக்கு வேலை வராத கடைக்குப் பழைய மெஷின்தான் சரி. அந்த முடிவில் தவறில்லை. மெஷினைப் பார்த்த விதத்தில்தான் தவறு.

அந்தத் தவறைச் சொல்லும் முன், காகித வேலை. அது எளிது. முதலில் வாங்கிய பில், கடனில் வாங்கியிருந்தால் வங்கி தரும் நிலுவையில்லாச் சான்று, விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் வரி பில் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். படத்தை அச்சுக்கு ஏற்றபடி மாற்றும் ரிப் மென்பொருளின் உரிமச் சாவியான டாங்கிளும் சேர்த்துத்தான் விலை என்று எழுதி வாங்குவது நல்லது.

அந்தக் கடை வாங்கியது நான்கு ஹெட் கொண்ட பத்தடி மெஷின். பார்க்கப் போனது மாலை நான்கு மணிக்கு. மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஹெட் பிளேட்டின் அடியில் ஈரம்; அறை முழுக்க, ஹெட்டைக் கழுவும் ஃப்ளஷ் கரைப்பானின் வாடை. விற்றவர் ஒரு கல்யாண பேனரை அடித்துக் காட்டினார். மணப்பெண்ணின் முகமும் புடவை ஜரிகையும் பளிச்சென்று வந்தன. முன்பணம் அங்கேயே கைமாறியது. துணைக்கு அழைத்துப் போன சர்வீஸ் இன்ஜினியர் வாய் திறக்கவில்லை. அவர் விற்றவரிடம் கமிஷன் வாங்கியிருந்தது பின்னால்தான் தெரிந்தது.

அந்த பேனர் நன்றாக வந்ததற்குக் காரணங்கள் உண்டு. அதை ஆறு பாஸில், அதாவது ஹெட் ஒரே இடத்தை ஆறு முறை கடக்கும்படி அடித்தார்கள். பாஸ் கூடக் கூட, ஒரே இடத்தின் மேல் வெவ்வேறு நாசில்கள் மை விடும். ஒன்று அடைபட்டிருந்தால் இன்னொன்று அந்த இடத்தை மூடிவிடும். பாஸ்களின் விளிம்பை ஒன்றோடொன்று கலக்கும் ஃபெதரைக் கூட்டினால் மிச்சமிருக்கும் கோடும் மங்கிவிடும். பல நிறம் கலந்த படத்தில் குறை கண்ணில் படாது. போதாததற்கு ஹெட்டின் வோல்டேஜும் ஏற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஹெட்டின் மேலும் ஒட்டிய சீட்டில் அதற்குரிய வோல்டேஜ் அச்சிட்டிருக்கும். மென்பொருளில் அதைவிட மிகக் கூடுதலாக வைத்து ஓட்டுவது, களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி ஓட்டுவது போன்றது.

மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து, லெவல் பார்த்து, மறுநாள் காலை சுவிட்ச் போட்டபோது நிலைமை வெளிச்சமானது. நாசில் டெஸ்ட்டில் சிறு கோடுகள் படிக்கட்டுபோல வரிசையாக இறங்க வேண்டும். கறுப்பு ஹெட்டில் அந்தப் படிக்கட்டின் நடுவே விரற்கடை அளவு வெற்றிடம். சியான் ஹெட்டில் கோடுகள் இருந்தன. ஆனால் பல கோடுகள் சாய்ந்து பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கிடந்தன. இரண்டு நாள் ஃப்ளஷில் ஊறவைத்தும் அவை நிமிரவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு ஹெட்டும் மாற்றப்பட்டன. பேரம் பேசிக் குறைத்த தொகையைவிட அவற்றின் விலை அதிகம்.

சரியான முறை இது. முதல் நாள் இரவு மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்லி, மறுநாள் காலை சுவிட்ச் போடும்போது உடனிருக்க வேண்டும். ஹெட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் ஒரு நாசில் டெஸ்ட், செய்த பின் ஒன்று எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வோல்டேஜைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். பிறகு நான்கு நிறத்தையும் தனித்தனியே, நூறு சதவீத அடர்த்தியில், முழு அகலத்துக்கு, மெஷினின் மிகக் குறைந்த பாஸில், ஃபெதர் இல்லாமல் அடிக்கச் சொல்ல வேண்டும். மெல்லிய வெள்ளைக் கோடு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் நாசில் அடைபட்டிருக்கலாம் அல்லது சாய்ந்திருக்கலாம். மஞ்சளில் இந்தக் கோடு தெரியாது. நீலக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் மஞ்சள் கறுத்து, கோடு துலங்கும். தொடக்கத்தில் நன்றாக வந்து, போகப் போக நிறம் வெளுத்தால், ஃபில்டர், பம்ப், சப் டேங்க் ஆகியவற்றில் ஒன்றில் மை வரத்து தடைபடுகிறது என்று கொள்ளலாம். இது பெரும்பாலும் சிறு செலவில் சரியாகும். அரை மணி நேரம் ஓட்டிய பின் மறுபடி ஒரு நாசில் டெஸ்ட் எடுத்து, காலையில் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மற்றவை கண்ணால் பார்த்தே தெரியும். ஹெட்டின் இடத்தை அளக்கும் என்கோடர் ஸ்ட்ரிப்பில் மைக்கறை, ஹெட்டைத் தாங்கும் கேரேஜ் ஓடும் ரயிலில் தேய்மானம், ஹெட் கேபிளின் முனையில் மை கசிந்த தடம் ஆகியவை இருந்தால் விலையைக் குறைக்கலாம். கேபிளில் இறங்கும் மை ஹெட்டையும் போர்டையும் சேர்த்து எரித்துவிடும்.

லாரியில் ஏற்றும் முன் மையை வடித்து, ஹெட்டில் ஃப்ளஷ் நிரப்பி, கேரேஜை அசையாமல் கட்ட வேண்டும். வேறு கம்பெனி மை ஊற்றுவதானால் பழைய மையைக் குழாயோடு முழுதாகக் கழுவிவிட்டே ஊற்ற வேண்டும். தனி எர்த், ஸ்டெபிலைசர், யுபிஎஸ், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் விசிறி ஆகியவற்றின் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். வேலை இல்லாத நாளிலும் காலையில் நான்கு நிறத்திலும் ஒரு பட்டை அடித்துவிட வேண்டும்.

மெஷினை இரவில் நிறுத்திக் காலையில் முதல் நாசில் டெஸ்ட் காட்டச் சம்மதிக்காதவரிடம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது.