கடைவீதியில் தற்காலிகப் பூங்கா

கேள்வி: கந்தளாய்க் கடைவீதியில் சிறு தற்காலிகப் பூங்காக்கள் அமைக்க முடியுமா?

பதில்: தற்காலிகப் பூங்காவுக்கு ஒரு வாகனத் தரிப்பிடமே போதும். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘ரீபார்’ என்ற குழு தரிப்பிடக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, அந்த இடத்தில் புல் விரித்து, ஒரு வாங்கும் தொட்டி மரமும் வைத்தது. அது இரண்டு மணி நேரமே நீடித்தது. ஆனாலும் 2010 முதல் அந்நகரம் இத்தகைய பூங்காக்களுக்கு முறையான அனுமதி வழங்கத் தொடங்கியது. சென்னைப் பாண்டி பஜாரில் வாகனப் போக்குவரத்தைத் தற்காலிகமாகத் தடுத்துச் சோதித்த பிறகே, 2019 நவம்பரில் நிரந்தர நடைவளாகம் திறக்கப்பட்டது. முதலில் சோதிப்பதுதான் சரியான வழி.

கந்தளாயூடாகச் செல்லும் ஏ-6 திருகோணமலை வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளது. பேருந்தும் லொறியும் விரையும் அதன் ஓரம் பூங்காவுக்கு ஏற்றதல்ல. பிரதேச சபைக்குரிய உள்வீதியே பாதுகாப்பானது.

உலர்வலய வெயிலில் புல்லைவிட நிழலே முக்கியம். கிடுகுப் பந்தல், நகர்த்தக்கூடிய தொட்டிகளில் வேம்பு, சாய்மானமுள்ள வாங்கு ஆகியவை தேவை. மேடைப் பலகை வடிகாலை மூடக்கூடாது. மூடினால், ஒக்டோபரில் மழை தொடங்கும்போது தண்ணீர் கடைக்குள் புகும். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அருகிலுள்ள கடைக்காரர்கள் முன்கூட்டியே ஏற்க வேண்டும்.