ஒப்பேற்றல் ரிப்பேர்: பழைய கார் வாங்கியவருக்குச் சில உண்மைகள்

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டு விடைபெற்றது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. ஆனாலும் மூன்றும் இன்று வரை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆசைப்பட்டு வாங்குகிறவருக்கு வண்டியோடு சேர்ந்து இன்னொன்றும் வந்து சேர்கிறது: முன்பு வைத்திருந்தவர்கள் செய்த, செய்வித்த ரிப்பேர்கள். எத்தனை மெக்கானிக், எத்தனை டிங்கர், எத்தனை "இப்போதைக்கு ஓடட்டும் சார்"!

பாகம் தேய்வது இயல்பு. தேய்ந்தால் சத்தம் போடும், ஒழுகும், மீட்டர் முள் ஏறும், முன்கூட்டிச் சொல்லிவிடும். ஒப்பேற்றிய ரிப்பேர் சொல்லாது. அது கோளாறை அப்படியே விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் அடக்கிவைக்கிறது. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "ஒரே ஓனர் வண்டி. யாரும் கைவைக்கவில்லை."

உண்மை: ஆர்.சி. புத்தகத்தில் ஓனர்களின் கணக்கு இருக்கும். ஸ்பேனர் பிடித்தவர்களின் கணக்கு இருக்காது. ஒரே வீட்டில் முப்பது வருடம் நின்ற வண்டியை டிரைவர்தான் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போயிருப்பார். அங்கே என்ன நடந்தது என்பது ஓனருக்கே தெரிந்திருக்காது. பானெட்டைத் திறந்து பாருங்கள். போல்ட் தலைகளின் முனை மழுங்கியிருக்கிறதா? ஹோஸ் பைப்பில் கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறதா? டேஷ்போர்டில் சிவப்பாகப் புறப்பட்ட ஒயர் என்ஜின் பக்கம் மஞ்சளாக வந்து சேர்கிறதா? ஓனர் எண்ணிக்கையைவிட நம்பகமான சாட்சிகள் இவை.

நம்பிக்கை: "புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பாடி நன்றாக இருக்கிறது."

உண்மை: விற்பதற்குச் சற்று முன் அடித்த பெயிண்ட் எச்சரிக்கை மணி. அதன் அடியில் எவ்வளவு பட்டி இருக்கிறது என்பதே கேள்வி. பட்டி என்றாலே மோசம் என்பதும் தவறு. துரு இல்லாத தகட்டில் சின்ன ஒடுக்கை நிரவ இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி பார்ப்பது ஒழுங்கான வேலைதான். ஓட்டையின் மேல் தகரமோ வலையோ வைத்து, விரல் கனத்துக்குப் பட்டி அப்புவதுதான் குற்றம். பட்டி ஈரத்தை உறிஞ்சும்; உள்ளே துரு தின்றுகொண்டே போகும்.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு எனத் தடவிப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்த காந்தம் ஓரிடத்தில் நழுவினால் அங்கே தகடு ஆழத்தில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனி சாசி கிடையாது. பாடியே சுமை தாங்குகிறது. ஆகவே கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிப் பகுதியில் துரு என்றால் அது அழகுப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. வண்டியை ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால், அந்தப் பெட்டிப் பகுதி வலுவிழந்துவிட்டது. துருவின் மேலேயே அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங்கும் இந்த வகைதான்; ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டிவைக்கும்.

நம்பிக்கை: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு எதற்கு? கழற்றிவிட்டால் என்ஜின் கூலாக ஓடும்."

உண்மை: தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் இதற்கு நிகரான ஆயுள் கொண்ட நம்பிக்கை வேறில்லை. கணக்கைப் பாருங்கள். கத்திரி வெயில் 42 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். தெர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவது சுமார் 80-லிருந்து 90 டிகிரிக்குள். என்ஜின் ஒழுங்காக வேலை செய்ய வேண்டிய சூடு அது. வெளி வெயில் அதில் பாதி தூரம்தான். குளிர்நாட்டுக்கென்று வைத்த பாகம் அல்ல இது; எந்த ஊரிலும் என்ஜினைச் சீக்கிரம் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவது அதன் வேலை.

கழற்றினால் என்ன ஆகும்? என்ஜின் சூடேற வெகுநேரம் பிடிக்கும். குளிர்ந்த என்ஜின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவும். நீராவி ஆயிலில் கலந்து கசடாகும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில என்ஜின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை அடைப்பதும் இதே வால்வுதான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவரும். கூலாக ஓட எடுத்தது, மேட்டில் கொதிக்க வைக்கும்.

முதலில் வண்டி ஏன் கொதித்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், கூலன்ட் ஊற்றுங்கள், புது தெர்மோஸ்டாட் போடுங்கள். போடுமுன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதிப்பதற்குச் சற்று முன் அது மெல்லத் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம்பிக்கை: "பியூஸ் அடிக்கடி போகிறது. கொஞ்சம் தடிமனாகப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது."

உண்மை: பியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள், ஒன்றாகத் திரித்த செம்பு இழைகள், ஒரு சின்ன ஆணி எனப் பழைய பியூஸ் பெட்டிகளில் கிடைக்கும் சாமான்கள் பல. அவற்றைப் போட்ட பிறகு உருகப்போவது பியூஸ் அல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் ஒயரிங்.

இதன் அண்ணன் "ஹெட்லைட் பவர் பத்தவில்லை" என்று போட்ட பெரிய பல்பு. வழக்கமான ஹாலஜன் பல்பு 60/55 வாட். இரண்டு பல்பும் ஹை பீமில் 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அதே இடத்தில் 100/90 வாட் பல்புகளைப் போட்டால் ஏறத்தாழ 17 ஆம்பியர். ஒயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இங்கே அது ஏறக்குறைய 2.8 மடங்கு. பல பழைய வண்டிகளில் ரிலே கிடையாது. இந்த மின்னோட்டம் முழுவதும் கையால் திருகும் சின்ன சுவிட்ச் வழியாகவே போகிறது.

வெளிச்சம் மங்கியதற்குக் காரணம் பல்பு சின்னது என்பதாகவே இருக்க வேண்டியதில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட்டேஜ் பாருங்கள், பிறகு லைட்டைப் போட்டு பல்பின் பின்பக்கம் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் இழப்பு. துருப்பிடித்த இணைப்பு, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், அல்லது எர்த் போல்ட்டின் மேலேயே பெயிண்ட் அடித்த பெயிண்டர். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ரிலேயும் தனி பியூஸும் வைத்து, அதே 60/55 வாட் பல்பைப் போட்டால் ஊர் தெரியும் வெளிச்சம் வரும்.

நம்பிக்கை: "போல்ட் ஏறிவிட்டது, டைட்டாகவும் இருக்கிறது. அப்புறம் என்ன?"

உண்மை: அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு, அதன் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் யு.என்.எஃப். மரை. கடையில் சட்டென்று கிடைப்பது மில்லிமீட்டர் போல்ட். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். பக்கத்தில் ஓர் எட்டு எம்.எம். போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவதில் மரைக்கும் மரைக்கும் இடைவெளி 1.06 மில்லிமீட்டர், இரண்டாவதில் 1.25. இரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு இறுகும். "சிக்குகிறது" என்று ஸ்பேனர் போட்டுத் திருகினால், அது தன் பாதையைத் தானே வெட்டிக்கொண்டு ஏறும். டைட்டாகத்தான் இருக்கும். அடுத்த முறை கழற்றும்போது மரையும் சேர்ந்து வெளியே வரும்.

ஸ்பேனரிலும் இதே கதை. அந்த போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் உட்காரும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். நாலு தடவை திருகினால் முனை மழுங்கும். ஒரு செட் அங்குல ஸ்பேனரும், மரை அளக்கும் கேஜும் வாங்கிவிடுங்கள். கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். கெட்ட மரைக்குள் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட்டு மீட்டுவிடலாம்.

நம்பிக்கை: "புகை வந்தால் கெட்டி ஆயில், ஒழுகினால் கூடுதல் பேஸ்ட்."

உண்மை: கெட்டி ஆயில் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாள் குறைத்துக் காட்டும், தேய்ந்த ரிங்கை வளர்க்காது. கேஸ்கெட்டில் அதிகமாகத் தடவிய பேஸ்ட் வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். துண்டு துண்டாகக் கழன்று ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். அப்போது ஆயில் பிரஷர் பல்பு எரிந்து காப்பாற்ற வேண்டும். அந்தப் பல்பையே அடக்கிவைத்து விற்கிறவர்கள் உண்டு. இதைக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை உடைப்பதோடுதான் சேர்க்க வேண்டும்.

சோதனை எளிது. சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பிரஷர் சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றுங்கள். பல்பு அணைய வேண்டும். அதே ஒயரை என்ஜின் இரும்பில் தொடுங்கள், எரிய வேண்டும். கழற்றிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் யாரோ அதை வேறெதிலோ இணைத்திருக்கலாம்.

நம்பிக்கை: "பெடல் கல் மாதிரி இருக்கிறது, பிரேக் சூப்பர்."

உண்மை: ஒரு சக்கரத்தில் ஒழுகியதும், அந்தக் குழாயை அடைத்துவிட்டு மற்ற மூன்றோடு வண்டியை அனுப்பிய ரிப்பேரிலும் பெடல் கல் மாதிரிதான் இருக்கும். காலி சாலையில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் நாலு சக்கரத்தின் பிரேக்கையும் கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். பிரேக் ரப்பரைப் பெட்ரோலில் கழுவுவதும், பிரேக் ஆயில் இல்லையென்று வேறு ஆயில் ஊற்றுவதும் ரப்பரை உப்ப வைக்கும். பிரேக் ஆயில் ஈரத்தையும் உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் சேர்ந்தபின் 140 வரை இறங்கலாம். முன்னவர் எப்போது மாற்றினார் என்று விசாரிப்பதைவிட, எல்லா ரப்பரையும் ஆயிலையும் மாற்றிவிடுவது மலிவு.

நம்பிக்கை: "என்ஜின் மாற்றியதுதான், ஆனால் நன்றாக ஓடுகிறதே."

உண்மை: பெட்ரோல் அம்பாசடரில் டீசல் என்ஜின் இறக்கியது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். ஆர்.சி.-யில் ஏறாத மாற்றம் என்றால், அது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுக்கு முரண். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பேச்சுவார்த்தை அங்கேயே சிக்கும். இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். சாசி, பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பணம் கொடுக்குமுன் என்ஜின் நம்பரைத் துடைத்து, ஆர்.சி.-யோடு ஒத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: "முன்னவர் செய்தது எல்லாமே குப்பை. பிடுங்கி எறிந்துவிட்டு ஒரிஜினலாக்க வேண்டும்."

உண்மை: புது ஓனர்களின் இந்த வேகத்தில் கெட்ட வண்டிகளும் பல. டைனமோவுக்குப் பதில் ஒழுங்காகப் பொருத்திய ஆல்டர்னேட்டர், பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், பின்னால் சேர்த்த சீட் பெல்ட் போன்றவை முன்னவர் செய்த நல்ல காரியங்கள். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது இதுதான்: ஒரிஜினல் பாகம் என்ன வேலை செய்தது, மாற்று அதைச் செய்கிறதா? செய்தால் விட்டுவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கைவைக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு வேலை. கழற்றுமுன் போட்டோ, ஒயருக்கு லேபிள், முடித்ததும் ஓட்டிப் பார்த்து நோட்டில் தேதியோடு ஒரு வரி. ஐந்து வேலையை ஒன்றாகச் செய்து வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், எது காரணம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போகும்.

வரிசையையும் மாற்றாதீர்கள். முதலில் பிரேக், ஸ்டியரிங், டயர். அடுத்து பெட்ரோல் குழாயும் ஒயரிங்கும். வண்டிகள் தீப்பிடிப்பது அங்கிருந்துதான். பிறகு கூலிங், அதன்பின் என்ஜின். சீட் கவரும் பெயிண்டும் கடைசி. கையில் இருக்கும் பணம் மூன்றாவது கட்டத்திலேயே தீர்ந்துவிட்டாலும் கவலையில்லை. பெயிண்ட் மங்கிய வண்டி பத்திரமாக வீடு வந்து சேரும்.