யாலவுக்குப் போகும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பள்ளிக்கூட விடுமுறை கிட்டினால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் ஒரே திட்டம்தான். ஒரு வான், ஒரு குடும்பக் கூட்டம், நடுச்சாமத்தில் புறப்பாடு, கதிர்காமம், அப்படியே யால. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வந்து நின்றால் யால முதலில் வரும், முருகன் பின்னுக்குப் போவார். திரும்பி வந்து கேட்டால், "மயிலும் மானும்தான் கண்டோம், எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்பார்கள். அதிர்ஷ்டத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எந்த மிருகம் எந்த மாதத்தில் எங்கே நிற்கும் என்பதை மழையும் குளமும் பழமரங்களும் தீர்மானிக்கின்றன. நம்முடைய லீவுக் கணக்கு காட்டுக்குத் தெரியாது.

"இலங்கையில் சஃபாரி என்றால் யாலதான்"

யால பெரிய காடு என்பது உண்மை. 1900இல் சரணாலயமாகி, 1938இல் தேசிய பூங்காவான அதன் பரப்பு ஏறத்தாழ 979 சதுர கிலோமீற்றர். ஆனால் பலட்டுபான வாசலால் உள்ளே போகும் ஜீப்புகள் சுற்றுவது முதலாம் பிரிவில் மட்டும். அது சுமார் 141 சதுர கிலோமீற்றர்தான். உலகில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் எல்லோரும் அங்கேயே போகிறார்கள். ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டு மற்றவனுக்குக் கைத்தொலைபேசியில் சொன்னால் போதும், சில நிமிடங்களில் அந்த மண்பாதை வியாழக்கிழமைப் புறக்கோட்டை மாதிரி ஆகிவிடும். 2022 ஒக்டோபரில் ஒரு கூட்டம் விலையுயர்ந்த வாகனங்களோடு உள்ளே நுழைந்து மிருகங்களைத் துரத்தி ஓட்டிய காணொளிகள் நாடு முழுக்கப் பரவி, வழக்கு வரை போனது நினைவிருக்கும்.

நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா யால அல்ல, வில்பத்து. 1,317 சதுர கிலோமீற்றர். அதுவும் 1938இல் பிரகடனமானது. போர்க்காலத்தில் மூடிக் கிடந்து 2003இல் மறுபடி திறக்கப்பட்டது. அந்த நீண்ட மூடலால்தானோ என்னவோ, கொழும்புத் தமிழர் பலருக்கு இன்றும் அது செய்தித்தாளில் வரும் ஒரு பெயர் மட்டும்தான். கொட்டாஞ்சேனைக்காரருக்கு உண்மையில் இதுதான் வசதி. பேலியகொடயைத் தாண்டி நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று நேரே போய், அனுராதபுர வீதியால் திரும்பினால் ஹுனுவிலகம வாசல். வெள்ளவத்தைக்காரருக்கு மறுவளம், யால பக்கம்தான் சுலபம். கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறினால் 2020 பெப்ரவரிக்குப் பிறகு அம்பாந்தோட்டை வரை நிற்காமல் போகலாம்.

வில்பத்தில் காடு அடர்த்தி. மிருகம் கண்ணில் படுவது யாலவை விடக் குறைவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் வில்லு எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் மணற்கரையில் ஜீப்பை நிறுத்தி, வேறொரு எஞ்சின் சத்தமும் இல்லாமல் அரை மணி இருக்கலாம். அந்தக் காட்டுக்குள்தான் பொம்பரிப்பு இருக்கிறது. ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் தாழிப் புதைகுழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. அல்லி அரசாணியின் கதையோடு சேர்த்துப் பேசப்படும் குதிரைமலை முனையும் பூங்காவின் கடலோரத்தில்தான். சிறுத்தை வராவிட்டாலும் பேச விஷயம் இருக்கும் காடு.

"ஜீப்புக்குக் காசைக் கூட்டிக் கொடுத்தால் சிறுத்தை நிச்சயம்"

அப்படி உத்தரவாதம் தரும் சாரதியிடம் ஏறாதீர்கள். சிறுத்தை காட்டாவிட்டால் தன் பேர் கெட்டுவிடும் என்று பயந்து, காட்டுக்குள் இருக்கும் 25 கிலோமீற்றர் வேகக் கட்டுப்பாட்டை முதலில் மீறுகிறவர் அவர்தான். நிதானமாக ஓட்டி, மந்தி எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் பக்கம் வண்டியை நிறுத்திக் காது கொடுக்கிறவர் கிடைத்தால் அவருக்குக் கூட்டிக் கொடுங்கள்.

சிங்கம், வரிப்புலி கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இலங்கைக் காட்டில் இரண்டும் இல்லை. வேட்டை மிருகங்களில் இங்கே சிறுத்தைக்கு மேல் ஆள் கிடையாது. கொடியில் நிற்கும் சிங்கம் இந்தத் தீவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனது. குருவிட்டைப் பக்கம் கிடைத்த இரண்டு பற்களை வைத்துத்தான் பி.ஈ.பி. தெரணியகல 1939இல் அதற்குப் பெயரிட்டார். சிங்கமும் வரிப்புலியும் பஸ்ஸிலிருந்து பார்த்தோம் என்று யாராவது சொன்னால் அவர்கள் போனது அம்பாந்தோட்டை ரிதியகமவில் 2016இல் திறந்த சஃபாரிப் பூங்காவுக்கு. அது வேலி போட்ட மிருகக்காட்சிசாலை. தெஹிவளையின் பெரிய தம்பி.

"எந்த மாதம் போனாலும் காடு காடுதான்"

பணம் அதிகம் வீணாவது இந்த நம்பிக்கையில்தான்.

முதலில் யால. வழக்கமாகச் செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை முதலாம் பிரிவை மூடிவிடுவார்கள். வரட்சி உச்சத்தில் இருக்கும் காலம், மிருகங்களுக்கும் பாதைகளுக்கும் ஓய்வு வேண்டும். வருடத்துக்கு வருடம் திகதி மாறும். ஆகவே அறை பதிவு செய்யும் முன் பத்தரமுல்லையில் இருக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள். திஸ்ஸமஹாராமவில் அறை எடுத்துவிட்டுப் பூட்டின வாசலில் நிற்கிற குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

மாரி மழை முடிந்து பெப்ரவரியிலிருந்து ஜூலை வரை யாலவுக்கு நல்ல காலம். காட்டுக்குள் எங்கும் தண்ணீர் இருக்கும்போது மிருகங்கள் சிதறி நிற்கும். சின்னக் குட்டைகள் வற்ற வற்ற, மிஞ்சிய குளங்களைத் தேடி வரும். கரடி பார்க்க ஆசை என்றால் ஜூன், ஜூலையை விடக் கூடாது. அது பாலைப்பழக் காலம். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாலை பழுத்தால் கரடி மரத்தடியில், சில வேளை மரத்தின் மேலேயே. மற்ற மாதங்களில் கண்ணில் படாத அந்தக் கூச்ச சுபாவக்காரர் பழம் தின்கிற அவசரத்தில் ஜீப்பையும் பொருட்படுத்தமாட்டார். வெளிநாட்டுப் பறவைகள்தான் வேண்டும் என்பவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பூந்தலவுக்குப் போகட்டும். இலங்கையின் முதலாவது ராம்சர் ஈரநிலம் அது, 1990இலிருந்து.

ஓகஸ்ட் விடுமுறைக்காரர் பார்க்க வேண்டிய திசை வடக்கு, மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய குளம். ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை, குறிப்பாக ஓகஸ்ட் செப்டெம்பரில், அங்கே இருநூறு முந்நூறு யானைகள் ஒரே வெளியில் கூடும் காட்சி உலகப் பிரசித்தம். அவை தண்ணீர் குடிக்க வருகின்றன என்றுதான் பலரும் சொல்வார்கள். அவற்றை அங்கே நிறுத்தி வைப்பது புல். சிறுபோகத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிடக் குளம் பின்வாங்குகிறது, ஈரமான குளத்தடியில் இளம்புல் முளைக்கிறது, சுற்றியிருக்கும் காடுகள் காய்ந்து கிடக்கும் நேரத்தில் யானைகளுக்கு அதுதான் சோறு. குளம் நிறைந்திருந்தால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் கூட்டமும் இல்லை. மொறகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு சில வருடங்கள் வரட்சிக் காலத்திலும் மின்னேரியா நிரம்பி நின்றது, யானைகள் குறைந்தன. இதனால்தான் மின்னேரியாவுக்கென்று கொழும்பிலிருந்தே ஜீப் பதிவு செய்ய வேண்டாம் என்கிறேன். ஹபரணையில் இறங்கிக் கேளுங்கள். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு ஆகிய மூன்றும் அங்கிருந்து கிட்ட. எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்பது அன்று காலை அந்தச் சாரதிகளுக்குத் தெரியும்.

ஒரு இடைச்செருகல்: ஆண் யானை என்றால் தந்தம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்தியக் காடுகளைப் போல இல்லை. இங்கே ஆண் யானைகள் நூறில் பத்துக்குக்கூடத் தந்தம் கிடையாது. ஒரு கொம்பனைக் கண்டால் அது உண்மையிலேயே பெரிய காட்சி.

"கதிர்காமத்துக்குப் போகும் வழியில் யாலவையும் பார்த்துவிடலாம்"

பார்க்கலாம். மயிலையும் மானையும்.

நடுச்சாமம் புறப்பட்டு, விடியக் கதிர்காமம் சேர்ந்து, மாணிக்க கங்கையில் குளித்து, பூசை முடித்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு ஜீப் ஏறினால் அந்த வெயிலில் எந்த மிருகம் வெளியே நிற்கும்? வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது, மாலை ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். இந்தப் பன்னிரண்டு மணியில் பயனுள்ளவை முதல் இரண்டு மூன்றும் கடைசி இரண்டு மூன்றும்தான். இரவுச் சஃபாரி இங்கே கிடையாது, உள்ளே பங்களாவில் தங்குகிறவர்களுக்கும் கிடையாது. ஆகவே ஒரு இரவு தங்குங்கள். கோயிலுக்கு மாலைப் பூசை, காட்டுக்கு மறுநாள் விடியல். கதிர்காமத்தில் தங்குகிறவர்கள் பலட்டுபான வரை சுற்றிப் போகாமல் கிட்டிய கட்டகமுவ வாசலைக் கேட்டுப் பார்க்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு எண்ணம்: "பாதயாத்திரைக்காரர் இதே காட்டுக்குள்ளால் நடந்துதானே போகிறார்கள், நாங்கள் இறங்கி நின்றால் என்ன?" உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் போகும் அந்தப் பாதை, ஆடிவேல் விழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் அனுமதியோடு திறக்கப்படுவது. கூட்டமாக, குறித்த தடத்தில் நடக்கிறார்கள். மற்ற நாட்களில், இறங்க அனுமதித்த ஓரிரு இடங்களைத் தவிர, ஜீப்பை விட்டுக் கால் கீழே வைக்கக் கூடாது.

"யானைக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம்"

பிள்ளையார் முகம் என்பதால் நம்மவர்களிடம் இது இன்னும் ஆழமாக இருக்கிறது. புத்தல - கதிர்காமம் வீதி யால காட்டின் ஓரத்தால் போகிறது. பூசைத் தட்டில் மிஞ்சிய பழத்தை வண்டி யன்னலால் நீட்டும் பழக்கம் அங்கே சில யானைகளை வழிமறிக்கும் யானைகளாக்கிவிட்டது. கொடுக்காத வண்டியைத் தாக்கியும் இருக்கின்றன. யாலவுக்குள் கெமுனு என்ற யானை ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டுச் சாப்பாட்டுப் பை தேடிப் பேர் வாங்கியது. பிறவிக் குணம் அல்ல, மனிதர் பழக்கியது. காட்டு யானைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். பழத்தோடு பொலித்தீன் பையையும் விழுங்கி அவை படும் பாடு வேறு. அந்தக் காசைக் கோயில் அன்னதானத்தில் போடுங்கள்.

"வருவதை மிருகங்கள் முன்பே அறியும்"

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்த கதை இது. யால கரையில் பட்டனங்கலவில் சுனாமி பலரைக் கொண்டுபோனது. மிருகங்களோ முன்கூட்டியே உணர்ந்து மேட்டுக்கு ஓடிவிட்டன என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஜீப் சாரதிகள் இன்றும் அதை ரசமாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அங்கே இரண்டு யானைகளின் கழுத்தில் செய்மதிப் பட்டி கட்டப்பட்டிருந்தது. அவற்றின் நடமாட்டப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த கட்டுரை, அவை அப்படித் தப்பி ஓடியதற்குச் சான்று இல்லை என்றது. கதையை ரசியுங்கள். ஆனால் "ஆபத்து என்றால் யானை விலகிவிடும்" என்று நம்பி ஜீப்பை அதன் பக்கத்தில் விடச் சொல்லாதீர்கள்.

"ரிக்கற் சில நூறு ரூபாய்தானே"

அடையாள அட்டை உள்ள உள்நாட்டவருக்கு, ஆம், குறைவு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தாலும் டொலர்க் கட்டணம்தான். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதற்கான சான்று கையில் இருக்கட்டும். ஜீப் வாடகை தனி. சேவைக் கட்டணமும் வரியும் மேலே ஏறும். வாசலில் நின்று குடும்பமாக வாக்குவாதப்படுவதை விட வீட்டிலேயே கணக்குப் போடுவது நல்லது.

கடைசியாக, சின்னப் பிள்ளைகளோடும் முழங்கால் நோவுள்ள பெரியவர்களோடும் முதல்முறை போகிறவர்கள் யாலவையும் வில்பத்தையும் விட்டுவிட்டு உடவளவைக்குப் போங்கள் என்பதே என் தீர்ப்பு. 1972இல் பிரகடனமான அந்தப் பூங்கா பெரும்பாலும் திறந்த புல்வெளி. வருடம் முழுக்க யானை நிற்கும், ஒரு அரை நாள் போதும். பக்கத்திலேயே 1995இலிருந்து தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் திருப்பி விடும் நிலையம் இருக்கிறது. பாலூட்டும் நேரத்தில் மேடையில் நின்று பார்க்கலாம், தொட விடமாட்டார்கள்.