குறுக்குவழியும் கோப்பும்

காணி உறுதியின் பிரதி, நட்டஈட்டு விண்ணப்பம் போன்றவற்றை நிலையக் கணினியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் தேடி அலையாதிருக்க, 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதல் முகப்புத்திரைக் குறுக்குவழி உண்டு.

கோப்பின் மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துவோம். 'சென்ட் டு' என்பதில் 'டெஸ்க்டொப்' என்பதைத் தெரிவோம். விண்டோஸ் 11 ஆயின் முதலில் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்பதை அழுத்த வேண்டும். முகப்புத்திரையில், இடது கீழ் மூலையில் சிறு அம்புக்குறியுடன் படம் தோன்றும்.

ஒன்றை மறவாதிருப்போம். குறுக்குவழி, வீட்டுக்குப் போகும் ஒழுங்கை மாத்திரமே. அதை அழித்தால் கோப்பு அழியாது. ஆனால் வேறிடம் போகும்போது அம்புக்குறியுள்ளதை மட்டும் பென்ட்ரைவில் பிரதி செய்தால், உறுதி நம்மோடு வராது. மூலக் கோப்பையே பிரதி செய்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுப் புறப்படுவோம்.