‘கால்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் வால்களும்



நம் அறநிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலவை நண்பர்கள் கேட்டார்கள். சமயக் கட்டுரை எழுத என்னைவிடத் தகுந்த பெரியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பள்ளிப்பாடம்தான், அதையே எழுதட்டுமா என்று கேட்டேன். இசைவு தந்தார்கள். ஆகவே இது ஓர் ஆங்கிலப் பாடம். அழைத்தல் என்று பொருள்படும் ‘கால்’ என்ற சிறு வினைச்சொல்லைப் பற்றியது. உச்சரிப்பில் அது ‘கோல்’ என்பதை ஒட்டி ஒலித்தாலும், ‘கால்’ என்றே தமிழில் எழுதி வருகிறோம். அந்த எழுத்து வழக்கு நமக்கு ஓர் உதவியும் செய்யும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இச்சொல்லை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

1970-ஆம் ஆண்டு. எனக்கு வயது 13. சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். ரிமூவ் கிளாஸ் என்று சொல்வோம். எங்கள் லயத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன முதல் பையன் நான். எனவே யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

அது தோட்ட மக்களுக்குச் சோதனையான காலம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் வொர்க் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தது. 1969-க்குப் பிறகு அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள், இந்த மண்ணில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்களாக இருந்தாலும், பெர்மிட்டுக்காக அலைய வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் தமிழகத்திற்கே திரும்பிப் போனார்கள்.

எங்கள் எதிர்வீட்டு மாமாவும் சிவப்பு கார்டுதான். மனு எழுதிப் போட்டிருந்தார். ஒரு நாள் பதில் வந்தது. “தம்பி, என்னடா போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு” என்று நீட்டினார். அதில் இருந்த முக்கியமான வரி இதுதான்:

“யூ ஆர் ரிக்வெஸ்டட் டு கால் அட் திஸ் ஆஃபீஸ் விதின் ஃபோர்டீன் டேஸ்.”

எனக்குக் ‘கால்’ தெரியும், ‘ஆஃபீஸ்’ தெரியும், ‘பதினான்கு நாள்’ தெரியும். மூன்றையும் சேர்த்து, “பதினாலு நாளைக்குள்ள ஆபீஸ்லேர்ந்து உங்களைக் கூப்பிடுவாங்களாம் மாமா” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்.

பிறகு காத்திருந்தார். தோட்டத்தில் தொலைபேசி இருந்தது ஆபீசில் மட்டும்தான். நாள்தோறும் வேலை முடிந்ததும் அங்கே போய், “ஐயா, என்னைக் கூப்பிட்டாங்களா?” என்று கேட்பார். இல்லை என்பார் கிராணி. மூன்றாவது வாரம்தான், “யார் உங்களைக் கூப்பிடுவதாகச் சொன்னது? கடிதத்தைக் கொண்டு வாருங்கள்” என்று கிராணி கேட்டு வாங்கிப் படித்தார். “கால் அட்” என்றால் நேரில் வா என்று பொருள். அலுவலகம் அவரைக் கூப்பிடப்போவதில்லை. அவர்தான் அங்கே போயிருக்க வேண்டும். கெடு முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

மறுநாளே ஓடினார். மனு முடிந்துவிட்டது, புதிதாகப் போடுங்கள் என்றார்கள். அவருக்கு அலுத்துவிட்டது. சில மாதங்களில் மாமியை அழைத்துக்கொண்டு பினாங்கில் ‘ரஜுலா’ கப்பல் ஏறினார். நேரத்தில் போயிருந்தால் பெர்மிட் கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நேரில் போயும் கிடைக்காதவர்கள் பலர் உண்டு. ஆனால் போய்க் கேட்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதை என் வாய்ச்சொல் கெடுத்தது. புறப்படும் அன்று என் கையில் ஒரு வெள்ளியை வைத்து, “நல்லாப் படிடா தம்பி” என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பின்னாளில் நான் ஆங்கில ஆசிரியனானேன். வகுப்பில் ‘கால்’ என்ற சொல் வந்தபோதெல்லாம் பாடத்தை நிறுத்தி அதைத் தனியாக நடத்தினேன். அந்தப் பாடம்தான் இது.

வால் மாறினால் பொருள் மாறும்

ஆங்கிலத்தில் பல வினைச்சொற்களுக்குப் பின்னால் அட், ஆன், ஆஃப், ஃபார், இன் போன்ற சிறு சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். மாணவர்களிடம் அதை ‘வால்’ என்பேன். வினையை மட்டும் பார்த்து வாலைப் பார்க்காமல் விட்டால் பொருள் தவறும்.

இது நமக்குப் புதிதன்று. தமிழிலும் ‘எழுது’ என்ற வினை ஒன்றுதான். எழுதிப் பார் என்றால் முயற்சி. எழுதி வை என்றால் பிற்பாட்டுக்குச் சேமிப்பு. எழுதிக் கொடு என்றால் பிறருக்காக. எழுதித் தள்ளு என்றால் அளவுக்கு மேல். பின்னால் வரும் துணைவினைதான் பொருளைத் திருப்புகிறது. தாய்மொழியில் இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம். ஆங்கிலத்தில் யோசித்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கால் அட்: ஓர் இடத்திற்கு நேரில் போதல். “கால் அட் த ஆஃபீஸ்” என்றால் அலுவலகத்திற்கு வா. கப்பலுக்கும் இதுவே சொல். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று தொட்டுச் செல்லும். அதை ஆங்கிலத்தில் “த ஷிப் கால்ஸ் அட் பினாங்” என்பார்கள். மாமாவுக்கு நான் தவறாகச் சொன்ன அதே ‘கால் அட்’தான் அவரை ஏற்றிச் சென்ற கப்பலுக்கும் உரியது என்பதைப் பின்னர் பாடநூலில் படித்தபோது மனம் கனத்தது.

கூப்பிடுதல் என்ற சொல்லுக்குப் போதல் என்ற பொருள் எப்படி வந்தது? ‘கால்’ என்பது உரக்கக் குரலெழுப்புதல் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று குரல் கொடுப்போம் அல்லவா? லயத்தில் “அக்கா!” என்று குரல் கொடுக்காமல் யாரும் படியேறியதில்லை. அதுபோல வாசலில் நின்று கூப்பிடுவதைக் குறித்த சொல், அங்கே போவதையே குறிக்கலாயிற்று.

மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த நினைவுக் குறிப்பு இது: கால் அட் என்றால் காலால் நடந்து போ. தமிழ் எழுத்து செய்யும் உதவி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

2. கால் ஆன்: இடத்திற்கு ‘அட்’, ஆளுக்கு ‘ஆன்’. “வி கால்ட் ஆன் த டீச்சர்” என்றால் ஆசிரியரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தோம். இதற்கே இன்னொரு பொருளும் உண்டு. கேட்டுக்கொள்ளுதல், வேண்டுகோள் விடுத்தல். நம் ஆலய ஆண்டுக் கூட்டத்தில், “ஐ நவ் கால் அப்பான் த பிரசிடெண்ட்” என்று அறிவித்தால், தலைவரைப் பேச அழைக்கிறோம் என்று பொருள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, பாட்டாளிகளைப் பங்கு சேரும்படி கேட்டுக்கொண்டார். அதை ஆங்கிலத்தில் எழுதினால் “ஹீ கால்ட் ஆன் த வொர்க்கர்ஸ்” என்றுதான் எழுத வேண்டும்.

3. கால் ஃபார்: இதற்கு மூன்று பொருள். முதலாவது, வேண்டும் என்று குரல் கொடுத்தல். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் அருகே ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமி அவர்களும் தொண்டர் படையினரும் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினார்கள். “தே கால்ட் ஃபார் த குளோஷர் ஆஃப் டாடி ஷாப்ஸ்” என்றால் கள்ளுக்கடைகளை மூடக் கோரினார்கள் என்று பொருள். ஆலயத் திருப்பணிக்கு விலைப்புள்ளி கேட்பதும் ‘கால் ஃபார்’தான். இரண்டாவது, தேவைப்படுதல்: “திஸ் வொர்க் கால்ஸ் ஃபார் பேஷன்ஸ்”, இந்த வேலைக்குப் பொறுமை தேவை. மூன்றாவது, வந்து அழைத்துப் போதல்: “ஐ வில் கால் ஃபார் யூ அட் செவன்”, ஏழு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன்.

4. கால் ஆஃப்: ரத்து செய்தல். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது திருவிழாக்கள் பல ‘கால்ட் ஆஃப்’ ஆயின. இதைப் ‘புட் ஆஃப்’ என்பதோடு குழப்பக்கூடாது. புட் ஆஃப் என்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தல். முன்னதில் விழாவே இல்லை. பின்னதில் விழா உண்டு, நாள்தான் வேறு. அறிவிப்புப் பலகையில் தவறாக எழுதினால் பக்தர்கள் திண்டாடுவார்கள்.

5. கால் இன்: உதவிக்கு வரவழைத்தல். “கால் இன் த டாக்டர்”, மருத்துவரை வரவழை. வங்கி ‘கால் இன் த லோன்’ என்று எழுதினால், கடனைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது என்று பொருள். அக்கடிதத்தை ஒதுக்கி வைக்கலாகாது.

6. கால் அப், கால் பேக்: முன்னது தொலைபேசியில் அழைத்தல், படைக்கு ஆள் எடுப்பதையும் குறிக்கும். பின்னது, நம்மை அழைத்தவரைத் திரும்ப அழைத்தல்.

7. பெயர்ச்சொல்லாக: ‘ரோல் கால்’ என்றால் பெயர் கூப்பிடுதல். விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டில் நடந்ததும் அதுதான். மருத்துவர் ‘ஆன் கால்’ என்றால், கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறார் என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை

இன்றைய கடிதங்களில் ‘அட்’ இரண்டு விதமாக வரும். “கால் அட் திஸ் ஆஃபீஸ்” என்றால் நேரில் போ. “கால் அஸ் அட்” என்று எழுதி, அடுத்து ஓர் எண் இருந்தால் தொலைபேசியில் பேசு. ஆகவே ‘அட்’டுக்குப் பின்னால் இருப்பது இடமா, எண்ணா என்று பாருங்கள். ‘கால்’ என்பதற்கும் ‘அட்’ என்பதற்கும் நடுவில் ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலாய்க் கடிதங்களிலும் இதே வேறுபாடு உண்டு. ‘சீலா ஹாடிர்’ என்றால் நேரில் வருக. ‘சீலா ஹுபுங்கி’ என்றால் தொடர்பு கொள்க. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறது. ஆயினும் தாத்தா, பாட்டி ஒரு கடிதத்தை உங்கள் கையில் கொடுத்து, “என்ன போட்டிருக்கு?” என்று கேட்கும் நாள் வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். யார் செய்ய வேண்டும்? எங்கே செய்ய வேண்டும்? எந்த நாளுக்குள் செய்ய வேண்டும்? அன்று நான் மூன்றாவது கேள்விக்கு மட்டும் சரியான விடை சொன்னேன். முதல் கேள்வியில் தவறினேன். ஐயம் இருந்தால், “எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் கேட்போம்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. எனக்கு அன்று அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை படித்துச் சொன்னதோடு நின்றுவிடாமல், கெடு உள்ள கடிதமாக இருந்தால் இன்னொருவரிடமும் காட்டிக் கேளுங்கள். நம் ஆலய அலுவலகத்திற்கு எடுத்து வந்தாலும் படித்துச் சொல்ல ஆள் உண்டு.

பயிற்சி

கீழ்க்காணும் வாக்கியங்களின் பொருளைத் தமிழில் எழுதிப் பாருங்கள்.

1. ப்ளீஸ் கால் அட் த கவுண்டர் வித் யுவர் ஐசி.
2. த மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்.
3. மை அங்கிள் கால்ட் ஆன் அஸ் லாஸ்ட் சண்டே.
4. ப்ளீஸ் கால் அஸ் பேக் பிஃபோர் ஃபைவ்.

விடைகள்: 1. உங்கள் அடையாளக் கார்டுடன் முகப்பிடத்திற்கு நேரில் வருக. 2. கூட்டம் ரத்து செய்யப்பட்டது. 3. என் மாமா சென்ற ஞாயிறு எங்களைப் பார்க்க வந்திருந்தார். 4. ஐந்து மணிக்குள் எங்களைத் திரும்ப அழையுங்கள்.

நான்கும் சரியாக இருந்தால் மகிழ்ச்சி. ஒன்று தவறினாலும் கவலை வேண்டாம். தாளில் தவறினால் அழித்து எழுதிக்கொள்ளலாம்.