பழைய கணிப்பொறியும் புதிய இயங்குதளமும்: நெய்வேலியில் யாம் கற்ற பாடம்

முன்னுரை

ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன்னரே அதனைப் புதிய ஏட்டில் படியெடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். ஏடு மாறலாம்; ஏட்டிலுள்ள எழுத்து மறைதலாகாது என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் 1842ஆம் ஆண்டு அச்சேறியது. செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் அவர்கள் அதனைப் பதிப்பித்தளித்தமையால், சுவடியில் வாழ்ந்த காப்பியம் நூலாக நம் கைக்கு வந்தது.

இன்று ஏட்டின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுள்ளது. அதுவும் பழையதாகின்றது, அதனை இயக்கும் தளத்தையும் மாற்ற வேண்டியுள்ளது. அங்ஙனம் மாற்றுங்கால் எதனை முதலில் செய்தல் வேண்டும், எதனை இறுதியில் செய்தல் வேண்டும் என்பதை நெய்வேலியில் யாம் பெற்ற பட்டறிவின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலி வீட்டில் ஒரு பெட்டி

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் தோற்றுவிக்கப்பெற்றது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் தலைமை அமைச்சர் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்கள். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு முன் அதன்மீது படிந்துள்ள மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியிலிருந்து மேலெழும் ஊற்று நீரை இடைவிடாது இறைத்தல் வேண்டும். இப்பணிக்காகச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. அவ்வூர்களின் வயலும் குளமும் மேல்மண்ணோடு போயின.

எம் பெரியத்தா அவர்கள் அச்சுரங்கத்தில் பணியாற்றியவர்கள். இடம்பெயர்ந்த ஊர்களின் முதியோரைக் கண்டு, அவர்கள் சொன்ன வயல்களின் பெயர், ஏரிகளின் பெயர், கிணறு வெட்டியவர் பெயர் ஆகியவற்றையெல்லாம் விடுமுறை நாள்களில் தொகுத்து வந்தார்கள். 2009ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணிப்பொறியில் அவற்றைத் தாமே தட்டச்சு செய்தார்கள். பணி ஓய்வு பெற்று நகரியத்துக் குடியிருப்பைக் காலி செய்யும் வேளை வந்தபோது, அப்பெட்டி இயங்கத் தொடங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. இயங்கிய பின்னும் இடையிடையே நின்றது. “தம்பி, பெட்டி போனாலும் போகட்டும், உள்ளே இருக்கிற ஊர்ப்பெயர்கள் போய்விடக் கூடாது” என்று எம்மிடம் ஒப்படைத்தார்கள். பெயர் சொன்ன முதியோருள் பலர் மறைந்துவிட்டனர். எனவே அத்தொகுப்பை மீண்டும் உருவாக்குதல் எவராலும் இயலாது.

யாம் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. ஆய்வு மாணவராக இருந்த காலத்தில், பழுதுற்ற எம் கணிப்பொறியை ஒரு கடையில் கொடுத்து, “எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தாருங்கள்” என்று மட்டும் சொன்னோம். சொன்னவண்ணமே செய்து தந்தனர். ஆய்வேட்டின் ஓர் இயல் முழுவதும் அழிந்தது. வேறு படி எடுத்து வையாதது எம் பிழையே.

இயங்குதளம் என்பது யாது?

திரை, விசைப்பலகை, வன்தட்டு, நினைவகம் ஆகிய உறுப்புகளை ஒருங்கிணைத்து, நாம் இடும் பணிகளை அவற்றின்வழி நிறைவேற்றும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும். ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று வழங்குவதும் இதுவே. விண்டோஸ், லினக்ஸ் ஆகியன இவ்வகையின.

ஆண்டுகள் செல்லச் செல்ல, வேண்டாத மென்பொருள்கள் சேர்ந்தும், நச்சுநிரல்கள் புகுந்தும், கோப்புகள் சிதைந்தும் இயங்குதளம் தளர்வுறுகின்றது. ஆயினும் மெதுவாக இயங்கும் பெட்டி யாவும் இயங்குதளத்தால் கெட்டது எனக் கொள்ளுதல் தவறு. வன்தட்டு தேய்ந்திருக்கலாம், விசிறியில் தூசி அடைத்து வெப்பம் மிகுந்திருக்கலாம். தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருந்தால், பெட்டியைத் திறக்குந்தோறும் நாள்காட்டி பல்லாண்டு பின்னோக்கிச் செல்லும். நாள் பிழையானால் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும். சிறு தொகையில் கிடைக்கும் அம்மின்கலத்தை மாற்றாமல் இயங்குதளத்தை மாற்றிப் பயனில்லை. எனவே நோய் இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து.

காலம் கடந்த பதிப்புகள்

2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பெற்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் பொதுவான ஆதரவின் எல்லையாக அமைந்தன. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் வேண்டுவது. ஆகவே நன்கு இயங்கும் பெட்டிகள் பலவும் அதற்குத் தகுதியற்றனவாய் ஒதுக்கப்படுகின்றன.

இத்தகைய பெட்டிகளுக்கு லினக்ஸ் புகலிடமாகின்றது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவகத்தை எழுதி வெளியிட்டார். எவரும் விலையின்றிப் பெறவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுண்டு என்பது இதன் தனிச்சிறப்பு. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், விண்டோஸுடன் பாஸும் மாணவர் கைக்கு வந்தது நினைவுகூரத்தக்கது.

அழிக்கும் முன் எடுக்க வேண்டியவை

வன்தட்டு பெரும்பாலும் சி, டி எனப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இயங்குதளம் சி பகுதியில் இருக்கும். அதனைப் புதுப்பிக்க ‘ஃபார்மட்’ செய்யும்போது, முகப்புத் திரையில் வைத்த கோப்புகளும் ‘மை டாக்குமெண்ட்ஸ்’ உறையிலுள்ளவையும் உடன் அழியும். அவை சி பகுதியிலேயே தங்குவன என்பதைப் பலரும் அறியார். கண்ணுக்கு எளிதில் தென்படும் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு அமைதியுறுதல் கூடாது.

எடுத்த படி ஒன்றாயின் அது படியன்று, இரண்டு வேண்டும். ஒன்றை வெளி வன்தட்டிலும், மற்றொன்றை வேறிடத்திலும் வைத்தல் நன்று. அதனினும் முதன்மையானது, எடுத்த படியை மற்றொரு கணிப்பொறியில் திறந்து பார்த்தல். திறந்து பார்க்காத படி, பிரித்துப் பார்க்காத பொட்டலம் போன்றது.

எழுத்து இருந்தும் படிக்க இயலாமை

யாமும் பெரியத்தா அவர்களின் கோப்புகளைப் படியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்தோம். திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நின்றன. அருகில் அமர்ந்திருந்த பெரியத்தா அவர்கள், “எல்லாம் போய்விட்டதா தம்பி?” என்று கேட்டார்கள். யாம் விடை கூற இயலாது சற்று நேரம் வாளாவிருந்தோம்.

உண்மையில் ஒன்றும் போகவில்லை. பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ எழுத்தின் இடத்தில் அகரமும், ‘கே’ எழுத்தின் இடத்தில் மகரமும் அமைந்துள்ளன. ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால், கோப்பினுள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அவ்வெழுத்துரு உள்ள கணிப்பொறியில் அவை ‘அம்மா’; இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகள்.

அரபுத்தமிழை அறிந்த நம் சமுதாயத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. அரபு எழுத்தில் எழுதப்பெற்ற தமிழை, அம்முறை அறிந்தவர் வாய்விட்டுப் படித்தால் தமிழே ஒலிக்கும். முறை அறியாதார், அரபு கற்றவராயினும் தமிழ் கற்றவராயினும், அப்பக்கத்தின் முன் திகைத்து நிற்பர். எழுத்தைக் காத்தல் மட்டும் போதாது; அதனைப் படிக்கும் முறையையும் உடன் காத்தல் வேண்டும்.

எனவே மீண்டும் பழைய பெட்டியை இயக்கினோம். விண்டோஸ் உறையினுள் ‘ஃபாண்ட்ஸ்’ என்னும் உள்ளுறையில் அவ்வெழுத்துரு இருந்தது. அதனைப் படியெடுத்து மற்றக் கணிப்பொறியில் நிறுவியவுடன், ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தமிழாய் எழுந்தன. படியைத் திறந்து பார்க்காமல் பழைய தட்டை அழித்திருப்போமாயின், அவ்வெழுத்துருவைத் தேடி அலைந்திருப்போம்.

இத்தகைய இடர் நேராதிருக்கவே ஒருங்குறி எனப்படும் யூனிக்கோடு அமைந்தது. அதில் தமிழுக்கெனத் தனியே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அகரத்திற்குரிய எண் 2949. உலகில் எந்தக் கணிப்பொறியிலும் அவ்வெண் அகரமே. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

புதிய தளத்தை நிறுவும் முறை

படிகள் எடுத்துச் சரிபார்த்த பின்னரே நிறுவும் பணியைத் தொடங்குதல் வேண்டும். யாம் பின்பற்றிய முறை வருமாறு:

முதலாவதாக, பழைய வன்தட்டை அழிக்காமல் கழற்றி, பெயரெழுதி, உறையிலிட்டு வைத்தோம். அதன் இடத்தில் சிறிய எஸ்எஸ்டி தட்டு ஒன்றைப் பொருத்தினோம். சுழலும் பகுதி இல்லாமையால் இது பழைய தட்டினும் விரைவாகத் தரவுகளைத் தருவது. முதிர்ந்த பெட்டியின் தளர்ச்சியைப் போக்குவதில் இதற்கு நிகரான செலவு வேறில்லை எனலாம். நினைவகத்தையும் 2 ஜிபியிலிருந்து 4 ஜிபியாக உயர்த்தினோம், மின்கலத்தை மாற்றினோம், விசிறியின் தூசியை அகற்றினோம்.

இரண்டாவதாக, நல்ல நிலையிலுள்ள மற்றொரு கணிப்பொறியின் வாயிலாக, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எளிய வடிவத்தை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினோம். கோப்பை அப்படியே படியெடுத்தால் அது பயன்தராது. அதற்கென அமைந்த மென்பொருளால் எழுதுதல் வேண்டும்.

மூன்றாவதாக, பெட்டியை இயக்கியவுடன் ‘டெலீட்’ விசையை அழுத்திப் பயாஸ் அமைப்பினுள் சென்று, பென்டிரைவிலிருந்து தொடங்குமாறு வரிசையை மாற்றினோம். சில பெட்டிகளில் இதற்கு எஃப்2 விசை பயன்படும்.

நான்காவதாக, உடனே நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே இயங்குதளத்தை ஓட்டிப் பார்த்தோம். திரை, ஒலி, இணையம், அச்சுப்பொறி யாவும் இயங்குவதை உறுதி செய்தோம். லினக்ஸில் இவ்வசதி இருப்பது பெரும்பேறு. பிடிக்கவில்லையெனின் பென்டிரைவை எடுத்துவிடலாம்.

ஐந்தாவதாகவே நிறுவலைத் தொடங்கினோம். ‘தட்டு முழுவதையும் அழிக்கவா?’ என்னும் பொருளில் ஒரு வினா வரும். இவ்வினாவுக்கு விடையளிக்கும் முன், எந்தத் தட்டு, அதில் என்ன உள்ளது என்பதை ஒருமுறைக்கு இருமுறை நோக்குதல் வேண்டும். பழைய தட்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தமையால் எம் கை நடுங்கவில்லை. அரை மணி நேரத்திற்குள் பணி முடிந்தது.

மாற்றியபின் சரிபார்த்தல்

திருத்தங்களைப் பெற்று, தமிழ்99 விசைப்பலகையையும் லிபர் ஆபீஸ் மென்பொருளையும் அமைத்த பின், பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றும் மென்பொருள்கள் நொடியில் பணியை முடிக்கும். ஆயினும் மெய்ப்புப் பார்த்தல் மனிதர் கடமையே. பழைய எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பு உயிர்மெய்க்கு முன்னர்ப் பதியப்படும். ஒருங்குறியில் மெய்யின் பின்னரே பதியும். இவ்வரிசை பிறழ்ந்தால் சொல் சிதையும். மேலும், வடிவம் ஒத்திருத்தலால் ரகரத்தின் இடத்தில் காலைத் தட்டச்சு செய்தோர் பலர். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இப்பிழை, தேடும்போது வெளிப்படும். சரியாகத் தட்டச்சு செய்து தேடினாலும் அச்சொல் அகப்படாது.

பெரியத்தா அவர்கள் மூக்குக்கண்ணாடியுடன் அமர்ந்து ஒவ்வொரு பெயராகப் படித்துத் திருத்தினார்கள். ஓர் ஏரியின் பெயரில் ரகரம் காலாகி நின்றதைத் தாமே கண்டு மாற்றினார்கள். மூன்று மாலைப் பொழுதுகள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் தொகுப்பு முழுவதையும் தாளில் அச்சிட்டுத் தைத்தும் வைத்தோம்.

முடிவுரை

சுரங்கத்தில் மேல்மண் என்பது அகற்றப்படுவது. கணிப்பொறியில் எது மேல்மண், எது கனிமம் என்பதை அகற்றும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். இயங்குதளம் மேல்மண்; மறுபடியும் கிடைக்கும். எழுதியவை கனிமம், இழந்தால் கிடைக்கா. ஆகவே எழுதியவற்றையும் அவற்றைப் படிக்க வேண்டிய எழுத்துருவையும் முதலில் காத்து, திறந்து பார்த்து, அதன் பின்னரே தளத்தை மாற்றுதல் முறையாகும்.

இப்பாடம் தனியொரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. கல்லூரி மலர்கள், ஆய்வேடுகள், சங்கப் பதிவுகள், பள்ளிவாசல் கணக்குகள் எனப் பலவும் பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருக்களிலும் அமைந்து, குறுந்தகடுகளிலும் மூலையில் கிடக்கும் பெட்டிகளிலும் உறங்குகின்றன. அப்பெட்டிகள் இயங்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் நம் கடன். கணிப்பொறி அறிந்த மாணவரும், எழுத்தின் பிழை அறிந்த ஆசிரியரும், சொல்லின் வரலாறு அறிந்த பெரியோரும் ஒருங்கமர்ந்து செய்ய வேண்டிய பணி இது. மூவருள் ஒருவர் இல்லையெனினும் பணி குறையுடையதாகும். பெரியோர் நம்மோடு இருக்கும் இக்காலத்திலேயே அதனைத் தொடங்குவோமாக.